சிந்த் டிஸ்கோ: முதலில் யாரைக் கேட்பது?

பிரெஞ்சு இரட்டையர் டாஃப்ட் பங்கின் 'கெட் லக்கி' பாட்டு வந்தது 2013இல். பாடகி துவா லிப்பாவின் 'ஃபியூச்சர் நாஸ்டால்ஜியா' ஆல்பம் 2020இல். இரண்டில் ஏதோ ஒன்றைக் கேட்டுவிட்டு, இதே மாதிரி சிந்த் டிஸ்கோ, அதாவது சிந்தசைசர் என்ற மின்னணுக் கீபோர்டின் ஒலியில் ஓடும் நடன இசை, இன்னும் வேண்டுமே என்று தேடக் கிளம்பியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். தேடினால் கிடைப்பதில் குறைவே இல்லை. சிக்கலே அதுதான். செயலி இருபது பெயர்களை நீட்டும். எல்லாப் பாட்டிலும் அதே 'தம் தம்' தாளம், அதே மினுமினுக்கும் கீபோர்ட், அதே கிசுகிசுக்கும் குரல். ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தால் ஒரு குழுவின் பெயரும் மனதில் நிற்காது.

இதற்கு நான் சொல்லும் வழி, பிளேலிஸ்ட்டை மூடிவிட்டு ஒரே ஒரு குழுவைப் பிடித்துக்கொள்வது. அவர்களுடைய ஆல்பங்களை முதலிலிருந்து வரிசையாகக் கேட்பது. சரி, யாரைப் பிடிப்பது?

என் பட்டியலில் நான்கு பெயர்கள் தேறின. ஜெர்மனியின் ரூஸ்வெல்ட், ஆஸ்திரேலியாவிலிருந்து பெர்லினுக்குக் குடிபெயர்ந்த பார்சல்ஸ், பாரிஸின் லாம்பேராத்ரீஸ், கனடாவின் மாண்ட்ரியால் நகரத்து க்ரோமியோ. யாருமே நேற்று முளைத்தவர்கள் இல்லை. க்ரோமியோவின் முதல் ஆல்பம் 2004லேயே வந்துவிட்டது. கேட்கப் போகிறவருக்குப் புதியவர்களாக இருந்தால் போதும் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஒருவிதத்தில் அது வசதியும்கூட. பாட்டு பிடித்துப்போனால் அடுத்த ஆல்பத்துக்காக இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டாம்.

பிரிட்டிஷ் பாடகி ஜெஸ்ஸி வேரை ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். 2020இல் வந்த 'வாட்ஸ் யுவர் ப்ளெஷர்?' அருமையான ஆல்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே எல்லாமே அவர் குரலுக்குப் பணிவிடை செய்கிறது. சிந்தசைசரைத் தேடி வந்தவருக்கு அது இரண்டாம் கட்டம். லண்டனின் ஜங்கிள் சோல் இசைப் பக்கம் சாய்ந்தவர்கள். பிரிஸ்பேனின் கான்ஃபிடன்ஸ் மேன் போகப்போக ஹவுஸ் என்ற மின்னணு நடன இசைப் பக்கம் போய்விட்டார்கள். இவர்களையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நான்கையும் எதை வைத்து ஒப்பிடுவது? குரலை வைத்து ஒப்பிட்டால் ரசனைச் சண்டையில்தான் போய் முடியும். நான் பேஸை வைத்து ஒப்பிடுகிறேன். அடியில் ஓடும் அந்தக் கனத்த ஒலியை வாசிப்பது மனித விரலா, இயந்திரமா? டிஸ்கோவில் இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் மற்றதெல்லாம் பெரும்பாலும் விளங்கிவிடும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1977. ஜெர்மனியின் மியூனிக் நகரம். இசைத் தயாரிப்பாளர்கள் ஜியார்ஜியோ மொரோடரும் பீட் பெலாட்டும் பாடகி டோனா சம்மருக்காக 'ஐ ஃபீல் லவ்' பாட்டைப் பதிவு செய்கிறார்கள். அதுவரை டிஸ்கோ என்றால் வயலின் கூட்டமும் பித்தளை வாத்தியங்களும் சேர்ந்த பெரிய ஏற்பாடு. இந்தப் பாட்டில் அவற்றை அப்படியே எடுத்துவிட்டு, மூக் மாடுலர் என்ற அலமாரி அளவு சிந்தசைசரை வைத்து ஏறக்குறைய எல்லாவற்றையும் செய்தார்கள். அந்தக் கருவிக்கு ஒரு குணம் உண்டு. சிறிது நேரம் ஓடினாலே சுருதி நழுவிவிடும். அதனால் அரை நிமிஷம்கூட முழுதாக வராத துண்டுகளாகப் பதிவு செய்து, நிறுத்தி, சுருதி சேர்த்து, மறுபடி ஓடவிட வேண்டியிருந்தது. கிக் டிரம் ஒன்று மட்டும் அந்த இயந்திரத்தில் போதிய அடியோடு வரவில்லை. அதை கீத் ஃபோர்சி என்ற டிரம்மர் காலால் அடித்துக் கொடுத்தார். பேஸ் சுரத்தை ஒரு காதுப் பக்கம் வைத்து, அதன் எதிரொலியைச் சற்றுத் தள்ளி மறு காதுப் பக்கம் வைத்தார்கள். இயர்போனில் கேட்டால் அந்த பேஸ் தலைக்குள் இடமும் வலமுமாக ஓடுவது தெரியும். ஒரு சுரம் இரண்டாகிவிடுவதால்தான் அந்தப் பாட்டுக்கு அத்தனை வேகம்.

அதே காலத்தில் நியூயார்க்கில் ஷீக் குழுவின் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்துகொண்டிருந்தார். 1979இல் வந்த 'குட் டைம்ஸ்' பாட்டின் பேஸ் முழுக்க விரல் வேலை. எங்கே வாசிப்பது என்பதைவிட எங்கே வாசிக்காமல் விடுவது என்பதில்தான் அவர் கவனம். அந்த இடைவெளிதான் காலை ஆட்டுவிக்கிறது.

இன்றைக்கு டிஸ்கோ செய்யும் எவரும் இந்த இரண்டு பேஸுக்கும் நடுவில் எங்கோ ஓர் இடத்தில் நிற்கிறார்கள். இயந்திர பேஸ் மயக்கும். கேட்கிறோம் என்பதே மறந்துபோகும். விரல் பேஸ் தனி மெட்டாகவே காதில் விழும். பாட்டை விட்டுவிட்டு அதை முணுமுணுக்கத் தோன்றும். எண்பதுகளின் இளையராஜா பாட்டுகளில் பல்லவி ஓடும்போதே அடியில் பேஸ் கிட்டார் தனக்கென்று ஒரு பாட்டுப் பாடுமே, அதைக் கவனித்துக் கேட்டு வளர்ந்த காது உங்களுடையது என்றால், எந்தப் பக்கம் சாய்வீர்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும்.

முதலில் ரூஸ்வெல்ட். அமெரிக்க ஜனாதிபதிக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. இது மாரியுஸ் லாவ்பர் என்ற ஒற்றை ஆள், கொலோன் நகரத்தைச் சேர்ந்தவர். முன்பு ஓர் இண்டி குழுவில் இருந்துவிட்டுத் தனியாக வந்தவர். எழுதுவது, பாடுவது, வாசிப்பது, பதிவு செய்வது எல்லாம் பெரும்பாலும் அவரே. முதல் ஆல்பம் 2016இல் அவர் பெயரிலேயே வந்தது. பிறகு 'யங் ரொமான்ஸ்' (2018), 'பாலிடான்ஸ்' (2021), 'எம்ப்ரேஸ்' (2023). சிந்த் வேண்டும் என்று வந்தவருக்கு நான்கு பேரில் கலப்படம் குறைந்த சரக்கு இவரிடம்தான். 'ஃபீவர்' பாட்டைப் போட்டுக் கவனியுங்கள். கிக் விழும் ஒவ்வொரு முறையும் பின்னணியில் இருக்கும் சிந்த் ஒரு கணம் தாழ்ந்து, உடனே எழும். பாட்டு மூச்சு வாங்குவதுபோல இருக்கும். பிரெஞ்சு ஹவுஸ்காரர்கள் பிரபலப்படுத்திய உத்தி இது. ஒலி அளவைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரஸரை கிக்கோடு கட்டிவிட்டால் கிக் வரும்போதெல்லாம் மற்ற ஒலிகளை அது தானாக அமுக்கிவிடும். அளவு மீறினால் அலுக்கும். இவருக்கு அளவு தெரியும்.

இவரிடம் எனக்கு ஒரே குறை. எல்லாப் பாட்டும் வெயில் சாயும் நேரத்துக் கடற்கரைச் சாலைக்காகவே எழுதியதுபோல இருக்கும். குரலைப் பின்னுக்குத் தள்ளி எதிரொலியில் ஊறப்போடுகிறார். அதனால் வரிகள் மனதில் தங்குவதில்லை. நான்கு ஆல்பங்களைத் தொடர்ந்து கேட்டால் எந்தப் பாட்டு எந்த ஆல்பத்தில் வந்தது என்று குழம்பும். வேலை செய்துகொண்டே கேட்கவும் இரவுப் பேருந்துப் பயணத்துக்கும் இதைவிடப் பொருத்தமான ஆல்பங்கள் குறைவு. உட்கார்ந்து கவனமாகக் கேட்கிறவருக்குச் சீக்கிரமே தீர்ந்துபோகும்.

பார்சல்ஸ் நேர் எதிர்க் கோடி. ஆஸ்திரேலியாவின் பைரன் பே என்ற கடலோர ஊரில் 2014இல் சேர்ந்த ஐந்து பையன்கள். பள்ளி முடிந்த கையோடு பெர்லினுக்குப் போய்விட்டார்கள். பாரிஸில் அவர்கள் வாசித்ததைக் கேட்ட டாஃப்ட் பங்க் இருவரும் ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே பிறந்த 'ஓவர்நைட்' 2017இல் வெளியானது. 2021இல் டாஃப்ட் பங்க் பிரிவதற்கு முன் வேறொரு குழுவுக்காகத் தயாரித்த கடைசிப் பாட்டு அதுதான். 'கெட் லக்கி'யிலிருந்து வருகிறவருக்கு இதைவிட நேர்வழி கிடையாது. அந்தப் பாட்டின் கிட்டார் துடிப்பு அப்படியே இருக்கும். ரோபோ குரலுக்குப் பதிலாக ஐந்து பேர் சேர்ந்து பாடும் குரல்.

ஆனால் இவர்களை சிந்த் குழு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு பேர் கீபோர்டில் இருக்கிறார்கள், உண்மைதான். இருந்தும் பாட்டைத் தூக்கி நிறுத்துவது நோவா ஹில்லின் பேஸ் கிட்டாரும் கோரஸ் குரல்களும். 2021இல் வந்த 'டே/நைட்' இரட்டை ஆல்பத்தில் பாதிக்கு மேல் எழுபதுகளின் கலிஃபோர்னியக் காற்றுதான் வீசுகிறது. நடனத்துக்காக வந்தவர் நடுவில் கொட்டாவி விடவும் கூடும். எனக்கு அந்த ஆல்பம் பிடிக்கும். ஆனால் புதிதாக வருகிறவர் கையில் முதலில் கொடுக்க மாட்டேன்.

கொடுப்பதென்றால் 2020இல் வந்த 'லைவ் வால்யூம் 1'. பெர்லினின் ஹன்சா ஸ்டூடியோவில் ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்தது. வீடியோவும் இருக்கிறது, அதையே பாருங்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தைத் தவறவிடாதீர்கள். நிறுத்தமே இல்லாமல் தாளம் கைமாறும். பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவி 1977இல் 'ஹீரோஸ்' ஆல்பத்தைப் பதிவு செய்த ஸ்டூடியோவும் இதே ஹன்சாதான். போவி பெர்லினில் வேலை செய்துகொண்டிருந்தபோது அவரோடு வேலை செய்த இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 'ஐ ஃபீல் லவ்' இசைத்தட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, எதிர்காலத்தின் ஒலி இதுதான் என்று சொன்னதாக போவியே பின்னால் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட ஸ்டூடியோவில், ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்து, ஐந்து பையன்கள் கம்ப்யூட்டரை நம்பாமல் கையால் டிஸ்கோ வாசித்திருக்கிறார்கள். எனக்கு இது பிடித்த முரண்.

லாம்பேராத்ரீஸ் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேசப் போகிறேன். ஒப்பீடு என்று தொடங்கிவிட்டு ஒரு பக்கம் சாய்வது தெரியத்தான் செய்யும், பரவாயில்லை.

2012இல் பாரிஸில் இதைத் தொடங்கியவர் ஷார்ல் த புவாசெகாங். அதற்கு முன் இசை விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தவர். விமர்சகர் குழு தொடங்கினால் பொதுவாக நமக்கு ஒரு சந்தேகம் வரும். இங்கே அந்த வாசிப்பறிவு நல்ல விதமாக இறங்கியிருக்கிறது. ஆரம்பத்தில் குரலே இல்லாத இசைதான் செய்தார்கள். எழுபதுகளின் பிரெஞ்சு, இத்தாலியத் திரையிசையின் சாயல் அதில் தெரியும். 2015இல் ஃப்ளோர் பெங்கிகி பாட வந்த பிறகுதான் அது பாப் ஆனது. ஆறு பேரில் இருவர் கீபோர்ட். ஒருவர் அடியில் மெத்தைபோல ஒலியை விரித்துவைக்க, இன்னொருவர் மேலே சின்னச் சின்னச் சிந்த் மெட்டுகளைத் தூவுவார். இத்தனை சிந்த் இருந்தும் பேஸை மட்டும் டேவிட் கொகே என்ற மனிதரிடம் விட்டுவைத்திருக்கிறார்கள். மியூனிக்கும் நியூயார்க்கும் ஒரே பாட்டில் சந்திப்பது இந்தக் குழுவில்தான். மேல்தளம் மொரோடர், கீழ்த்தளம் எட்வர்ட்ஸ்.

'மாத்தாஹாரி' (2018), 'டாகோ சூபோ' (2021), 'பல்சார்' (2024) என்று மூன்று முழு ஆல்பங்கள். முதலாவதில் இசை பெரிதாகவும் குரல் சிறிதாகவும் இருக்கும். இரண்டாவதில்தான் பாட்டு எழுதும் கை தேர்ந்திருக்கிறது. அதில் 'பர் தே ஃபீய்' என்றொரு பாட்டு. பெண்களைக் கண்டு பயப்படும் ஆண்களைப் பற்றியது. கிண்டல் முழுக்க வரிகளில் இருக்கும். இசையோ ஒன்றும் அறியாததுபோல இனிமையாக ஆடிக்கொண்டிருக்கும். பெங்கிகி குரலை உயர்த்தவே மாட்டார். ஜாஸ் பழகிய குரல் என்பது அந்த நிதானத்தில் தெரியும். மூன்றாவது ஆல்பம் நடன மேடைக்கு இன்னும் நெருக்கமானது. பிரெஞ்சோடு ஆங்கிலமும் இத்தாலியமும் கலந்திருக்கும்.

பிரெஞ்சு தெரியாதே என்று தயங்க வேண்டாம். அர்த்தம் தெரியாமலே இந்திப் பாட்டுகளை முழுதாகப் பாடிக்கொண்டு திரிந்த ஊர் நம்முடையது. இந்த வகை இசையில் மொழி புரியாதது ஒரு வகையில் லாபமும்கூட. ஆங்கில டிஸ்கோ வரிகள் பலவும் புரிந்தால் சுவாரசியம் குறைகிற ரகம்.

இவர்களிடம் இருக்கும் நிஜமான தடங்கல் வேறு. 2024இல் 'பல்சார்' வெளியான சில மாதங்களில் பெங்கிகி குழுவை விட்டு விலகிவிட்டார். லூவ் என்ற பாடகி வந்திருக்கிறார். ஆக, இப்போது இந்தக் குழுவைப் பிடிக்கிறவர் ஒரு குரலோடு மூன்று ஆல்பங்கள் பழகிவிட்டு, வேறொரு குரலுக்கு மாற வேண்டியிருக்கும். மேடையில் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஆல்பம் மட்டும் கேட்கிறவருக்கு, முடிந்துபோன ஒரு காலகட்டம் முழுதாகக் கையில் கிடைக்கிறது.

கடைசியாக க்ரோமியோ. டேவிட் மாக்லோவிச், பாட்ரிக் ஜெமாயெல் என்று இரண்டு பேர், சிறுவயதுச் சிநேகிதர்கள். மாக்லோவிச் ஒருபக்கம் நியூயார்க்கில் பிரெஞ்சு இலக்கியம் படித்துக் கல்லூரியில் பாடமும் எடுத்தவர். மேடையில் இவர்களுடைய கீபோர்டைத் தாங்கி நிற்பது ஸ்டாண்ட் இல்லை, ஹைஹீல்ஸ் போட்ட பெண்ணின் கால்கள் வடிவத்தில் செய்த தாங்கிகள். எண்பதுகளின் ஃபங்க் இசை, அதில் வரும் காதல் மன்னன் வேஷம், கூடவே அந்த வேஷத்தைப் பார்த்துத் தாங்களே சிரிப்பது. அவ்வளவுதான் குழு. அதை இருபது வருஷமாகச் சலிக்காமல் செய்கிறார்கள்.

ஜெமாயெல் வாசிக்கும் டாக்பாக்ஸ்தான் இவர்களுடைய அடையாளம். சிந்தசைசரின் ஒலியை ஒரு ஸ்பீக்கருக்கு அனுப்பி, அங்கிருந்து பிளாஸ்டிக் குழாய் வழியாக வாசிப்பவரின் வாய்க்குள் கொண்டுவருவார்கள். அவர் தொண்டையைப் பயன்படுத்தாமல் உதட்டையும் நாக்கையும் மட்டும் அசைத்து அந்த ஒலியைச் சொல்லாக்குவார்; எதிரிலிருக்கும் மைக் அதைப் பிடித்துக்கொள்ளும். ஸாப் குழுவின் ராஜர் ட்ரவுட்மன் இதில் மன்னர். கேட்பதற்கு ஆட்டோட்யூன் என்ற குரல் திருத்தும் மென்பொருள்போல இருந்தாலும் இது முழுக்க உடல் உழைப்பு, எச்சில் வழிய வழிய வாசிக்கும் வாத்தியம். இவர்களிடம் தொடங்குவதென்றால் 'ஃபேன்சி ஃபுட்வொர்க்' (2007), அப்புறம் 'வைட் விமன்' (2014). பின்னதில்தான் 'ஜெலஸ்' இருக்கிறது. நாலு பேர் கூடியிருக்கும்போது இதைப் போட்டால் அறை கலகலப்பாகிவிடும். தனியாக உட்கார்ந்து ஆல்பம் ஆல்பமாகக் கேட்டால் ஒரே நகைச்சுவையைத் திரும்பத் திரும்பச் சொல்வது தெரிந்துவிடும்.

ஆக, யாருக்கு யார்? வேலை நேரப் பின்னணிக்கும் பயணத்துக்கும் ரூஸ்வெல்ட். ஐந்து வாத்தியக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து வாசிக்கும் அழகு உங்களை இழுக்கும் என்றால், சிந்த் கொஞ்சம் குறைந்தாலும் பார்சல்ஸ். வீட்டில் ஆட்கள் கூடும் நாளுக்கு க்ரோமியோ. ஒரே ஒரு குழு என்று பிடிவாதமாகக் கேட்டால் லாம்பேராத்ரீஸ். அவர்களைக் கேட்டுப் பழகிய காது எந்தப் பக்கமும் போகலாம். சிந்த் பிடித்தவர் ரூஸ்வெல்ட்டுக்கு, பேஸ் பிடித்தவர் பார்சல்ஸுக்கு. மற்ற மூவரிடமிருந்து தொடங்கினால் இந்த வசதி அவ்வளவாக இல்லை.

எங்கே தொடங்குவது என்பதில் விசிறிகள் பலரோடு எனக்கு ஒத்துப்போகாது. முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாக வா என்பார்கள். நானும் மேலே பொதுவாக அப்படித்தான் சொன்னேன். லாம்பேராத்ரீஸுக்கு மட்டும் 'டாகோ சூபோ'வை முதலில் கேட்டுவிட்டு 'மாத்தாஹாரி'க்குப் பின்னால் போவது நல்லது. பாட்டின் வடிவம் காதில் உட்கார்ந்த பிறகு அந்த நீண்ட இசைப் பகுதிகள் இழுப்பதாகத் தோன்றாது. 'பல்சார்' கடைசியில்.

இன்னொன்று, தயவுசெய்து ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு அடிமட்ட ஒலிகளை எழுப்பும் சக்தி கிடையாது. பேஸும் கிக்கின் கனமும் அதில் காணாமல் போய்விடும். மிஞ்சுவது கைத்தட்டலும் கீச்சுக் கீபோர்டும்தான். நான்கு குழுக்களுமே அதில் ஒரே மாதிரி கேட்கும். சாதாரண வயர் இயர்போன் போதும், அதுவே பெரிய வித்தியாசத்தைக் காட்டும்.

லாம்பேராத்ரீஸின் புதுப் பாடகியின் பாட்டுகளை உடனே பழைய குரலோடு ஒப்பிட்டுத் தள்ளிவிடாமல், கொஞ்ச காலம் விட்டுக் கேட்பது என்று நான் வைத்திருக்கிறேன். கொகேயின் பேஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறது.